பலசரக்குக் கடைச் சொற்கள்: 29 வயதில் எழுத்துக்கூட்டக் கற்றவர் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவருக்கு 29 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மாவோடு இருக்கிறார். பகலில் தாய்மாமாவின் பலசரக்குக் கடையில் ஒத்தாசை செய்கிறார். அவரும் அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தம்பி என்று குறிப்பிடுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவருக்கு நான் டீச்சர்.

பின்னணி

மாமா கேட்டது சின்ன விஷயம். கடைக்கு வருகிறவர்கள் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவார்கள். திரும்பி வருவதற்குள் சாமான் கட்டி வைத்திருக்க வேண்டும். தம்பிக்கு எந்த டின்னில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். வாயால் சொன்னால் எடுத்துவிடுவார். சீட்டைக் கையில் கொடுத்தால் அப்படியே நிற்பார். "சீட்டப் பாத்து எடுக்கப் பழக்கிட்டா எனக்கு ஒரு ஆள் மிச்சம்" என்றார் மாமா.

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. "பள்ளிக்கூடத்துல அத்தன வருஷம் போட்டும் ஏறல்ல. இனி இவன் படிச்சு என்னத்துக்கு டீச்சரே?" என்றுதான் முதலில் கேட்டார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பல வருஷம் முந்திரிப்பருப்பு உடைத்தவர், தானும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தம்பி 18 வயது வரை ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போயிருக்கிறார். பழைய நோட்டுகளை அம்மா எடுத்து வைத்திருந்தார். வருஷம் மாறினாலும் பக்கம் மாறவில்லை: அ, ஆ, இ, ஈ, அம்மா, ஆடு, இலை, ஈ. ஒவ்வொரு ஜூனிலும் அகரத்திலிருந்து ஆரம்பித்து, உயிர்மெய் வரிசையில் எங்கோ நின்றுபோயிருக்கிறது.

18-க்குப் பிறகு அதுவும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உரிமையாகத் தருகிறது. அதைத் தாண்டியவருக்குத் தொழிற்பயிற்சி மையம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வீட்டுத் திண்ணை. மையத்தில் மெழுகுவர்த்தியும் காகிதப் பையும் செய்யக் கற்றுத்தருவார்கள். எழுத்து அநேகமாக இருக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் எங்களுடையது, 91.75 சதவீதம். எல்லாரும் படிக்கத் தெரிந்த ஊரில் படிக்கத் தெரியாதவர் படும் கூச்சம் கொஞ்சம் கூடுதல். தம்பி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே பேப்பரைத் தொடாமல் இருந்தவர்.

தொடக்க நிலை

பாடத்துக்கு முன்னால் காதையும் கண்ணையும் பார்க்கச் சொன்னேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கேட்புக் குறைவு, பார்வைக் குறைவு, தைராய்டு குறைவு மூன்றும் அடிக்கடி வரும். இவற்றைப் பார்க்காமல் "மறந்து போகிறார், கவனம் இல்லை" என்று எழுதி வைப்பது பெரிய அநியாயம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதித்ததில் இரண்டு காதிலும் லேசான கேட்புக் குறைவு இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. தைராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறார்.

அவருடைய சான்றிதழ் 'மிதமான அறிவுசார் குறைபாடு' என்கிறது. நுண்ணறிவு ஈவு ஏறக்குறைய 35-க்கும் 49-க்கும் இடையில் இருந்தால் அப்படி எழுதுவார்கள். உதவித்தொகைக்கு அந்த எண் வேண்டும், சரி. ஆனால் ஒருவருக்கு எந்தச் சொல் தெரியும், எது தெரியாது என்று அது சொல்லாது. அதற்கு உட்கார்ந்து கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேட்டுப் பார்த்ததில் தெரிந்தது இது. தன் பெயரை எழுதுவார், ஆனால் படம் வரைவது போல. நடுவில் ஒரு எழுத்தை மறைத்தால் எதை மறைத்தேன் என்று சொல்ல முடியாது. உயிரெழுத்துகளை வரிசையாகப் பாடுவார், கலைத்து வைத்தால் பாதிதான் தெரியும். ஆவின் பாக்கெட், சோப்புக் கட்டிகள், பிஸ்கட் உறைகள் எல்லாம் பார்த்தவுடன் தெரியும். பஸ்ஸை எண் பார்த்துத்தான் ஏறுவார். போர்டைப் பார்ப்பதே இல்லை. எங்கள் பக்கம் கேரளா பஸ்களும் ஓடுவதால் போர்டில் மலையாள எழுத்தும் வரும். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சொல்வளம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பேச்சில் இரண்டு மூன்று சொல் வாக்கியம்தான் வரும், அதுவும் கொஞ்சம் குழறும். ஆனால் கேட்டுப் புரிந்துகொள்வது அதைவிட எவ்வளவோ மேலே. டவுன் சிண்ட்ரோமில் இது வழக்கம். காதால் கேட்டு நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்து நினைவில் வைப்பது அவர்களுக்கு எளிது என்பதும் அப்படித்தான். எனவே எழுத்தைக் கற்றுத்தர ஒலியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று முதலிலேயே தெரிந்துவிட்டது.

14 சொல், 31 எழுத்து

247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போவது என்ற எண்ணத்தை விட்டுவிட்டோம். மாமாவிடம் ஒரு வாரச் சீட்டுகளைத் தூர எறியாமல் வைக்கச் சொல்லி, அடிக்கடி வருகிற சாமான்களைப் பொறுக்கினேன்: உப்பு, புளி, சீனி, கடுகு, மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், உளுந்து, சுக்கு, மிளகு, வத்தல், காயம், காணம்.

இந்த 14 சொல்லையும் எழுத 31 எழுத்து போதும். 'கு' மூன்று இடத்தில் வருகிறது, 'ம்' நான்கு இடத்தில். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால் இவை சீக்கிரம் நிலைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. இதே 31 எழுத்தைக் கலைத்து அடுக்கினால் மரம், கல், புல், மணல், கம்பு, வலி, சளி என்று கற்றுத்தராத சொற்கள் வரும். தம்பி சொல்லின் படத்தை மனப்பாடம் செய்கிறாரா, எழுத்தைக் கூட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க இவை கைவசம் இருந்தன.

பட்டியலில் 'காணம்' இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முழிக்கலாம். கொள்ளுக்கு எங்கள் ஊர்ப் பெயர். பாடநூல் சொல்லைப் போட்டிருந்தால் தம்பி வாயில் இல்லாத ஒரு சொல்லையும் தெரியாத எழுத்தையும் ஒரே நேரத்தில் சுமந்திருப்பார்.

பயிற்சி

அமெரிக்க உளவியலாளர் மரே சிட்மன் 1971-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு வழிகாட்டி. கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள 17 வயதுப் பையன். சொல்லைச் சொன்னால் படத்தைக் காட்டுவான், படத்தைக் காட்டினால் பெயர் சொல்வான், அச்சு எழுத்து தெரியாது. சொல்லைச் சொல்லிக் கேட்டவுடன் அச்சுச் சொல்லைத் தொட வேண்டும் என்பதை மட்டும் 20 சொற்களில் பழக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் அச்சுச் சொல்லைப் பார்த்துப் படத்தை எடுத்தான், வாய்விட்டும் படித்தான். இந்த இரண்டையும் யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை.

தம்பியின் நிலையும் ஏறக்குறைய அதுதான். 'கடுகு' என்றால் டின்னைத் தொடுவார், டின்னைக் காட்டினால் பெயர் சொல்வார். நடுவில் எழுத்து மட்டும் இல்லை. படத்துக்குப் பதிலாக நிஜச் சாமானையே வைத்தோம். கடை திறக்கும் முன் காலையில் இருபது நிமிடம், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் இன்னொரு முறை. மூன்று அட்டையைப் பரப்பி, நான் பெயரைச் சொல்ல, அவர் அட்டையைத் தொட வேண்டும். முதலில் சொன்னவுடனே நானே சரியான அட்டையைக் காட்டிவிடுவேன், தப்புக்கு இடமே இருக்காது. பிறகு சொல்லிவிட்டு நான்கு வினாடி காத்திருப்பேன். தெரிந்தால் அவரே தொடுவார், இல்லையென்றால் காட்டுவேன். வருஷக்கணக்கில் "தப்பு, தப்பு" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முறை நிம்மதி. யோசிக்காமல் குத்துமதிப்பாகத் தொடும் பழக்கமும் இதனால் குறைந்தது.

புதுச் சொல் ஒன்று வந்தால் அதைச் சுற்றித் தெரிந்த சொற்களை நிறையக் கலந்து வைப்போம். பத்துக்கு ஒன்பது தெரிந்ததாக இருந்தால் ஆள் எழுந்து போக மாட்டார்.

படிப்பு இப்படி நகர, எழுதுவது தனிப் பாடாக இருந்தது. விரல்கள் குட்டை, தசைப்பிடிப்பும் தளர்வு. பேனாவைப் பிடித்து ஒரு வரி எழுதுவதற்குள் களைத்துவிடுவார். அதனால் எழுத்துக் கற்பதையும் கையெழுத்தையும் பிரித்தோம். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்யை உடைக்காமல் 'சீ', 'வெ', 'கா' என்று முழுசாக எழுதினேன். தமிழில் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் அகப்படுகிற அளவு அதுதான். க்+ஆ என்று பிரித்துச் சொல்வது இலக்கண வகுப்புக்குச் சரி. அட்டையைப் பார், மூடு, துண்டுகளை அடுக்கு, திறந்து ஒத்துப் பார். ஒத்துப் பார்ப்பதை அவரே செய்ய வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பு.

பிழைகளை ஒரு நோட்டில் தனியாகக் குறித்து வந்தேன். அவற்றைப் பார்த்தால் ஒழுங்கில்லாத பிழை மிகக் குறைவு என்று தெரியும். பேச்சைக் கேட்டு எழுதிய பிழைகள்: மிளகுக்கு 'மொளகு', வெந்தயத்துக்கு 'வெந்தியம்'. சீரகம் 'சீராம்' ஆனது; நடுவில் வரும் க பேச்சில் கரைந்துபோவதால் காது குறைந்தவருக்கு அது கிடைப்பதே இல்லை. கண்ணால் வந்த பிழைகள் வேறு வகை. புள்ளி விட்டுப்போய் 'உபபு'. 'ர'வும் துணைக்காலும் கையெழுத்தில் ஒரே மாதிரி இருப்பதால் சீரகத்தின் நடுவில் வருவது எழுத்தா, காலா என்ற குழப்பம். புள்ளியைச் சிவப்பு மையில் போட்டேன். 'ர'வுக்குக் கீழே வால் நீட்டி எழுதினேன். மை நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கி, பிறகு கறுப்புக்கு மாற்றினோம்.

ஒற்றைக்கொம்புதான் படுத்தியது. 'வெ' என்று சொல்லும்போது வகரம் முதலில் கேட்கிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. பேனாவால் எழுதினால் தம்பி வகரத்தை எழுதிவிட்டுக் கொம்பை வலப்பக்கம் ஒட்டுவார். அவர் காதுப்படி அது சரிதானே. துண்டில் 'வெ' முழுசாக இருந்ததால் அடுக்கும்போது இந்தச் சிக்கல் எழவில்லை. பேனாவுக்கு வந்தபோது, கொம்பை முன்னால் எழுதிப் பழகுவதை வெறும் கைப்பழக்கமாகவே கற்றுத்தந்தேன். காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

விலையும் விளையும்

தம்பியின் முகவரியில் 'விளை' என்று முடியும் ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. குமரியில் அப்படி ஏகப்பட்ட ஊர். கடையில் தொங்கும் பலகையில் 'விலை' இருக்கிறது. இரண்டையும் அவர் ஒன்றாகவே சொல்வார், ஒன்றாகவே கேட்பார். லகர ளகர வித்தியாசத்தை நாக்கை மடக்கிக் காட்டிப் பழக்குவது அவர் காதுக்கு வீண் வேலை. இடத்தை வைத்துப் பிரித்தோம். காசு சம்பந்தப்பட்டது இந்த எழுத்து, வீடு சம்பந்தப்பட்டது அந்த எழுத்து. பலகைக்கு ஓர் அட்டை, வீட்டுக் கதவில் ஓர் அட்டை. கலந்துபோட்டு "எதை எங்கே ஒட்டலாம்?" என்று கேட்டால் சரியாகப் பிரித்தார்.

பிரித்தவர் வீட்டுக்குப் போனதும் திணறினார். அம்மா சுவரில் எழுதி வைத்திருந்த முகவரியில் 'ளை' வேறு மாதிரி இருந்தது. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணை, லை, ளை, னை அவற்றில் சேரும். அதற்கு முன் பள்ளிக்கூடம் போன அம்மா இன்றும் தும்பிக்கை போட்ட பழைய 'ளை'யைத்தான் எழுதுகிறார். கடைக்குச் சீட்டு அனுப்புகிற வயதானவர்களும் அப்படியே. ஆக, தம்பிக்குப் பழைய வடிவத்தையும் காட்ட வேண்டியதாயிற்று. வாசிக்க மட்டும், எழுத வேண்டாம்.

ஒரு சாமானுக்கு இரண்டு பெயர்

வெளியூரிலிருந்து குடிவந்த ஒரு அக்கா "கொள்ளு இருக்கா?" என்று கேட்க, காணம் டின்னுக்கு முன்னால் நின்றுகொண்டே தம்பி "இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமாவுக்குக் கோபம். எனக்கு அது அடுத்த பாடம். சொல்வளம் என்றால் புதுப் பொருள்களின் பெயரைக் கூட்டிக்கொண்டே போவது என்று நினைக்கிறோம். கடையில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்த பொருளின் இரண்டாவது பெயர் அதைவிட முக்கியம்: காணம் – கொள்ளு, மல்லி – தனியா, பெருஞ்சீரகம் – சோம்பு. டின்னில் இரண்டு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினோம். கொள்ளு வந்ததோடு 'கொ'வும் வந்தது, இருபக்கமும் குறி உள்ள எழுத்து. பின்னால் வரும் காலை விட்டுவிட்டு 'கெள்ளு' என்று ரொம்ப நாள் எழுதினார்.

பெயர்ச்சொல் மட்டும் வைத்துக் கடை நடத்த முடியாது. 'தீர்ந்துபோச்சு', 'நாளைக்கு வரும்', 'பாதி', 'மிச்சம்', 'பழசு' ஆகிய சொற்களையும் சேர்த்தோம். இவற்றுக்கு டின் கிடையாது, தொட்டுக் காட்ட முடியாது. காலி டின், பாதி டின் என்று நிஜ நிலைமையில்தான் பழக்கினோம். 'மிச்சம்' கடைசிவரை ஆட்டம் காட்டியது. காசுக்கும் மிச்சம், சாமானுக்கும் மிச்சம் என்றால் ஒருவர் குழம்பத்தானே செய்வார்.

அட்டையிலிருந்து சீட்டுக்கு

அட்டையில் எல்லாச் சொல்லையும் படித்தவர், முதல் நிஜச் சீட்டைக் கொடுத்தபோது ஒன்றையும் படிக்கவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியம் இல்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது அறிவுசார் குறைபாட்டில் தானாக நடக்காது. அதையும் தனியாகக் கற்றுத்தர வேண்டும். பல திட்டங்கள் அட்டையோடு முடிந்து, "20 சொல் கற்றார்" என்று அறிக்கையும் எழுதிவிடுவார்கள்.

சீட்டில் என்னவெல்லாம் இருந்தது: சாய்ந்த கையெழுத்து, பென்சில், காலண்டர் தாளின் பின்பக்கம், மீன் ஈரம் பட்ட தாள். எழுதுகிறவர்களின் பிழைகள் வேறு. 'சிரகம்', 'மிளவு', 'மஞ்சல்' எல்லாம் படித்தவர்கள் எழுதிய சீட்டில் உள்ளவை. எழுத்துப்பிழை தம்பியின் சொத்து மட்டும் இல்லை என்று மாமாவுக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது, சிரித்துவிட்டார்.

ஒரே சொல்லைப் பல கையெழுத்தில் சேகரித்தோம். 'மஞ்சள்' மட்டும் மாமா, அம்மா, பக்கத்துத் தையல் கடை அண்ணன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பலர் கையில். கலந்து போட்டு, மஞ்சள் எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். அடுத்து, முதலெழுத்தையும் கடைசியெழுத்தையும் பார்த்து ஆளைப் பிடிக்கிற தந்திரம்: 'ம'வில் ஆரம்பித்து 'லி'யில் முடிந்தால் மல்லி, ளகரத்திலோ லகரத்திலோ முடிந்தால் மஞ்சள். முழுசாக எழுத்துக்கூட்டுவதைவிட இது வேகம். சந்தேகம் வந்தால் மட்டும் நடுவே போக வேண்டும். பெருஞ்சீரகமும் சீரகமும் ஒரே சீட்டில் வந்தால் முதலெழுத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்தார். பெருஞ்சீரகத்துக்குச் சீரகத்தைக் கட்டிக்கொடுத்து ஒருவர் திருப்பிக்கொண்டு வந்த பிறகு.

கிறிஸ்துமஸ் சமயத்தில் கடையில் நிற்க இடமில்லை, பாடம் நின்றது. மறுபடி தொடங்கியபோது உப்பு, சீனி, மல்லி, உளுந்து அப்படியே இருந்தன. சுக்கும் காயமும் போய்விட்டன. தினமும் சீட்டில் வருவது நிலைத்தது, அபூர்வமாக வருவது அழிந்தது. அதன் பிறகு அபூர்வச் சொற்களை வாரத்துக்கு ஒருமுறையாவது நாங்களே சீட்டு எழுதி நுழைத்துவிடுகிறோம்.

இப்போதைய நிலை

அச்சடித்ததுபோல் தெளிவாக எழுதிய சீட்டைத் தம்பி தனியாகப் பார்த்து எடுக்கிறார். மோசமான கையெழுத்தாக இருந்தால் தெரிந்ததை எடுத்து வைத்துவிட்டு, தெரியாத வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு மாமாவிடம் வருகிறார். முன்பு மொத்தச் சீட்டையும் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு வரியைக் காட்டிக் கேட்பது பெரிய மாற்றம் என்று நான் குறித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புகிறவர்களின் ஆர்டரை மாமாவே பார்த்துக்கொள்கிறார். அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

கற்றுத்தராத சொற்களில் மரம், கல், புல் மூன்றையும் கூட்டிப் படித்தார். மணல், கம்பு வரவில்லை. எழுத்துக்கூட்டல் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களில் ஆரம்பித்திருக்கிறது. எல்லா இடத்திலும் வருகிறது என்று சொல்ல மாட்டேன். 'வலி'யையும் 'சளி'யையும் துண்டில் அடுக்குகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாய் குழறினாலும் எழுதிக் காட்டலாம் என்பதால் அம்மா இந்த இரண்டையும் அடிக்கடி எழுத வைக்கிறார். "மக்ளே, சளி எழுது பாப்போம்" என்பது வீட்டில் இப்போது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லேட் தொங்குகிறது. சாமான் தீர்ந்தால் தம்பி அதில் எழுத வேண்டும். 'வெந்தியம்' என்றுதான் எழுதுகிறார், மாமா படித்து வெந்தயம் வாங்கி வருகிறார். அதைத் திருத்துவதா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஸ்லேட்டில் எழுதியது கடைக்காரருக்குப் புரிந்தால் போதும். பெயர், ஊர், அப்பா பெயர், போன் நம்பர் இவை மட்டும் ஓர் எழுத்தோ எண்ணோ பிசகக் கூடாது. வங்கியிலும் அடையாள அட்டையிலும் பிசகினால் அலைச்சல் அம்மாவுக்குத்தான். எங்கே கறாராக இருக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்று பிரித்துக்கொண்டதால் தம்பிக்கும் திருத்தல் மீது வெறுப்பு வரவில்லை.

எடைபோடுவதும் காசு எண்ணுவதும் இந்த ஆய்வில் சேராதவை. கால் கிலோ, அரை கிலோ இரண்டையும் சீட்டில் அடையாளம் காண்கிறார். தராசில் நிறுப்பதை மாமா பக்கத்தில் நின்று பார்க்கிறார். சாமான் கட்டும் வேலைக்குத் தம்பிக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும் என்று மாமாவிடம் பேசினேன். சொந்தக்காரப் பையனுக்குக் கூலியா என்று முதலில் இழுத்தார். இப்போது சனிக்கிழமைதோறும் கொடுக்கிறார், நோட்டில் தம்பி கையெழுத்துப் போட்டு வாங்குகிறார்.

அடுத்த பட்டியலைத் தம்பியே சொன்னார். மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, குளச்சல்: பஸ் போர்டு. அம்மா தன் பங்குக்கு, மாத்திரை அட்டையில் எழுதிக்கொடுக்கும் 'காலை', 'இரவு' இரண்டையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் காலையில் போட வேண்டியது என்பதால் அதிலிருந்தே தொடங்கப் போகிறோம். 'காலை'யில் 'லை' ஏற்கெனவே கடைப் பலகையில் இருக்கிறது, 'கா'வும் தெரியும்.